காலி வீதி பஸ்களுக்கு அளவிடை எடுத்தோம்

மருமகளுக்குப் பாடசாலையில் ஒரு செயற்றிட்டம் கொடுத்திருந்தார்கள். ஏதாவது ஒன்றை எண்ணி, மீடிறன் அட்டவணை (எது எத்தனை தடவை வந்தது என்ற அட்டவணை) போட்டு, அதைச் சலாகை வரைபாக, அதாவது எண்ணிக்கைக்கு ஏற்ற உயரத்தில் நிற்கும் பட்டைகளாக, ஒரு பெரிய மட்டையில் வரைந்து கொண்டுவர வேண்டும். எண்ணுவதும் அட்டவணை போடுவதும் பிள்ளைகளுக்கு லேசாக வந்துவிடும். சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது. அட்டவணையில் 34 என்று இருந்தால் அதைத் தாளில் எத்தனை சென்ரிமீற்றர் உயரத்துக்கு வரைவது? பயிற்சிக் கணக்குகளில் "1 செ.மீ. = 5 மாணவர்" என்று அளவிடையைக் கையில் கொடுத்துவிடுவார்கள், கொடுத்த பிறகு மிச்சம் வெறும் வகுத்தல். கொடுக்காவிட்டால் அதை எங்கிருந்து எடுப்பது என்பதை மினக்கெட்டுச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு. நான் படவரைஞராக வேலை செய்கிறவன், 1:100, 1:50 என்று அளவிடையோடுதான் நாள் முழுக்க இருக்கிறேன், அதனால் இந்த ஒரு படியில் எனக்கு அக்கறை கொஞ்சம் கூட. சலாகை வரைபில் உண்மையான முடிவு அளவிடை ஒன்றுதான், மற்றதெல்லாம் கோடு போடும் வேலை என்பது என் எண்ணம். நாங்கள் செய்ததை அதே ஒழுங்கில் எழுதுகிறேன், வீட்டில் தரம் 6, 7 பிள்ளைகள் இருப்பவர்களுக்கு உதவும்.

பிடித்த பழம், பிடித்த நிறம் எல்லாம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். வீடு வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்த மாடி, பல்கனியில் நின்றால் பஸ்ஸின் இலக்கம் வடிவாகத் தெரியும். காலை 6.30 தொடக்கம் 8.30 வரை, தெகிவளைப் பக்கமிருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் போகும் பஸ்களை மட்டும் இலக்கவாரியாக எண்ணுவது என்று முடிவெடுத்தோம். பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் 100, மொரட்டுவையிலிருந்து வரும் 101, சொய்சாபுரவிலிருந்து மட்டக்குளிக்குப் போகும் 155, அங்குலானையிலிருந்து கிரிபத்கொடைக்குப் போகும் 154, அளுத்கமைப் பக்கமிருந்து வரும் 400, இவ்வளவுக்கும் ஒவ்வொரு வரிசை. மிச்சம் எல்லாம் 'மற்றவை'. இ.போ.ச. (அரச) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே இலக்கத்தில் ஓடுகின்றன, அவற்றைப் பிரித்து எண்ணுவதா சேர்த்து எண்ணுவதா என்பதை முதல் குறி போட முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் சேர்த்தே எண்ணினோம். பாடசாலை வான், அலுவலகத்துக்கு ஆள் ஏற்றும் பஸ் இரண்டையும் விட்டுவிட்டோம்.

எண்ணும்போது ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், மற்றவர் தலை நிமிராமல் வரவுக்குறி போட வேண்டும். காலி வீதியில் காலையில் இரண்டு மூன்று பஸ் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு சேர்ந்து வரும், பார்க்கிறவரே எழுதவும் வெளிக்கிட்டால் கட்டாயம் ஒன்று தவறிப் போகும். நான்கு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே போட்டு, ஐந்து ஐந்தாகக் கட்டிக்கொண்டு போனால் கடைசியில் கூட்டுவது லேசு. வேலை நாள் ஒன்றில் எடுத்த அட்டவணை இது:

100 – 34
101 – 29
155 – 17
154 – 12
400 – 8
மற்றவை – 11
மொத்தம் – 111

மொத்தத்தை அடியில் எழுதி வையுங்கள். வரைந்து முடித்த பிறகு சரிபார்க்க அது தேவைப்படும், எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

'மற்றவை' 400ஐ விடப் பெரிது, ஆனாலும் அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். மற்ற ஐந்தும் பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கட்டும், பல வழிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டை அவற்றுக்கு நடுவே புகுந்தால் பார்க்கிறவர் அதையும் ஒரு வழி என்று எடுத்துக்கொள்வார்.

இப்போது அளவிடை. மட்டையில் நேரே கைவைக்காமல் முதலில் சாதாரண வரைபுத்தாளில் வரைந்து பார்த்தோம். தாளில் பெரிய சதுரம் 1 செ.மீ., அதற்குள் 10 சிறு பிரிவு, ஒவ்வொன்றும் 1 மி.மீ. மேலே தலைப்புக்கும் கீழே பஸ் இலக்கங்களுக்கும் இடம் விட்டால் சலாகைக்குக் கிடைக்கும் உயரம் ஏறத்தாழ 20 செ.மீ. அட்டவணையில் ஆகப் பெரிய மீடிறன் 34. ஆக, 34ஐ 20ஆல் வகுத்தால் 1.7. இதன் கருத்து, ஒரு சென்ரிமீற்றர் குறைந்தது 1.7 பஸ்ஸையாவது சுமக்க வேண்டும், இல்லாவிட்டால் 100ஆம் இலக்கச் சலாகை தாளுக்கு மேலே போய்விடும். 1.7 என்று ஒரு அளவிடை வைத்து யாரும் வரைய முடியாது, அதனால் அடுத்த நல்ல எண்ணுக்கு ஏற்ற வேண்டும். ஏற்றத்தான் வேண்டும், இறக்கக்கூடாது. 1.7க்கு மேலே முதல் நல்ல எண் 2. எனவே 1 செ.மீ. = 2 பஸ்.

"ஏன் மாமா 3 வைக்கேலாது?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். வைத்துப் பார்க்கலாம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னேன். 3 என்றால் 34 பஸ்ஸுக்கு 11.33 செ.மீ., 29க்கு 9.67, 17க்கு 5.67. இவை ஒன்றும் தாளில் இருக்கும் ஒரு கோட்டில் போய் நிற்காது, மூன்றும் இரண்டு கோட்டுக்கு நடுவே தொங்கும். 2 என்றால் 17, 14.5, 8.5, 6, 4, 5.5. எல்லாமே முழுச் சதுரத்திலோ சரி பாதியிலோ வந்து நிற்கின்றன. காரணம் எளிது: 1 செ.மீ.க்குள் 10 பிரிவு இருக்கிறது, 2 அந்தப் பத்தை மீதியில்லாமல் பிரிக்கும், 5உம் பிரிக்கும், 3உம் 7உம் பிரிக்காது. அதனால்தான் அளவிடை என்றால் 1, 2, 5, அப்புறம் 10, 20, 50, அதற்கு மேலே 100, 200, 500 என்று போவது. 4 வைக்கலாம், ஒரு பஸ்ஸுக்கு 2.5 மி.மீ. வரும், கூர்மையான பென்சிலும் பொறுமையும் இருந்தால் ஓடும், ஆனால் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

என் சோதனை ஒன்றுதான்: ஒரு பஸ்ஸுக்கு எத்தனை மி.மீ. என்று யாராவது கேட்டால் பேனை எடுக்காமல் பதில் வர வேண்டும். 1 செ.மீ. = 2 பஸ் என்றால் 5 மி.மீ. ஒரு பஸ். 1 செ.மீ. = 5 பஸ் என்றால் 2 மி.மீ. ஒரு பஸ். பதில் உடனே வந்தால் அந்த அளவிடை நல்லது.

மேல்பக்கம் இப்படிச் சரிபார்த்தால் போதாது, கீழ்ப்பக்கமும் பார்க்க வேண்டும், அதாவது ஆகச் சிறிய மீடிறன் அந்த அளவிடையில் எப்படித் தெரிகிறது என்று. 1 செ.மீ. = 10 பஸ் என்று எடுத்திருந்தால் கணக்கு மிகவும் லேசு, ஆனால் 100ஆம் இலக்கம் 3.4 செ.மீ., 400ஆம் இலக்கம் வெறும் 8 மி.மீ. தாளின் அடியில் ஒரு குட்டி வேலி மாதிரிக் கிடக்கும், 12க்கும் 11க்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு மில்லிமீற்றர், பென்சில் கொஞ்சம் மொட்டையாக இருந்தாலே அது காணாமல் போய்விடும். 20 செ.மீ. கையில் இருக்கும்போது மூன்றரை செ.மீ.யைப் பாவித்துவிட்டு மிச்சத்தைச் சும்மா விடுவது தாளுக்குச் செய்யும் அநியாயம். கிடைக்கும் உயரத்தில் பாதிக்கு மேலாவது பெரிய சலாகை ஏற வேண்டும் என்று நான் வைத்துக்கொள்வேன்.

அளவிடை என்றால் எப்போதும் சுருக்குவது என்று ஒரு எண்ணம் பிள்ளைகளிடம் இருக்கிறது. பெரிதாக்கவும் செய்யலாம். இலங்கையின் 9 மாகாணங்களில் எத்தனை மாவட்டம் என்று ஒரு மீடிறன் அட்டவணை போட்டுப் பாருங்கள்: வடக்கில் 5, மேல், மத்திய, தென், கிழக்கு மாகாணங்களில் மும்மூன்று, வடமேல், வடமத்திய, ஊவா, சப்ரகமுவவில் இரண்டிரண்டு, எல்லாமாக 25. இதை 1 செ.மீ. = 1 மாவட்டம் என்று வரைந்தால் ஆகப் பெரிய சலாகையே 5 செ.மீ.தான். 3 செ.மீ. = 1 மாவட்டம் என்று வைத்தால் 15, 9, 6 என்று தாளை நிறைத்து நிற்கும். மேலே 3 கூடாது என்று சொல்லிவிட்டு இங்கே 3 வைக்கிறேனே என்றால், இங்கே 3ஆல் பெருக்குகிறோம், வகுக்கவில்லை. எல்லா உயரமும் முழு எண்ணாகவே வரும், அரை மாவட்டம் என்று ஒன்று இல்லாததால் நடுவே வாசிக்க வேண்டிய தேவையும் இல்லை. 3 கூடாது என்ற விதி எதற்காக வந்தது என்று தெரிந்தால் அதை எங்கே விடலாம் என்பதும் தெரியும்.

வரைபுத்தாள் வேலை முடிந்ததும் மட்டை. பிரிஸ்டல் போட் வெள்ளவத்தையிலேயே எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும், நிறைய வேண்டுமென்றால் புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கம் போவது நல்லது. எங்கள் மட்டை 70 செ.மீ. நீளம், 55 செ.மீ. அகலம். நிமிர்த்தி வைப்பதா படுக்கவைப்பதா என்பதையும் அளவிடைதான் தீர்மானித்தது. நிமிர்த்தினால் தலைப்புக்கும் கீழ் எழுத்துக்கும் 16 செ.மீ. போக 54 செ.மீ. உயரம் மிஞ்சும். 1 செ.மீ. = 1 பஸ் என்று வைத்தால் 34 செ.மீ.தான் நிறையும், மேலே 20 செ.மீ. வெறுமை. ஒரு பஸ்ஸுக்கு 1.5 செ.மீ. கொடுத்தால் 51, இடித்துக்கொண்டு நிற்கும், அச்சில் எண்கள் வாசிக்கவும் அவ்வளவு சுகமில்லை. படுக்கவைத்தால் அதே 16 போக 39 செ.மீ. உயரம், 1 செ.மீ. = 1 பஸ், ஆகப் பெரிய சலாகை 34, அச்சை 35 வரை கொண்டுபோய் நிறுத்தலாம், சலாகைக்கு மேலே எண் எழுதவும் இடம் இருக்கிறது. அகலத்தில் 70 செ.மீ. கிடைக்கிறது: ஒவ்வொரு சலாகையும் 6 செ.மீ., இடைவெளி 4 செ.மீ., ஆறு சலாகைக்கும் ஐந்து இடைவெளிக்கும் 56 செ.மீ., இடப்பக்கம் அச்சுக்கு 10, வலப்பக்கம் 4. சரியாக உட்கார்ந்தது.

அகலத்துக்கு அளவிடை கிடையாது, ஆனால் எல்லாச் சலாகையும் ஒரே அகலம், எல்லா இடைவெளியும் ஒரே அளவு. ஒன்றைக் கொஞ்சம் தடிப்பாக விட்டால் கண் உயரத்தைப் பார்க்காமல் பரப்பைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

மட்டையில் வேலை செய்யும்போது கைப்பழக்கம் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளிடம் இருப்பது 30 செ.மீ. அடிமட்டம், நமக்கு வேண்டியது 35. அதை இரண்டு முறை வைத்து ஒட்டி அளப்பதைவிட எங்காவது ஒரு மீற்றர் அடிமட்டம் இரவல் வாங்குங்கள். தையல் நாடா வேண்டாம், அது இழுபடும். பிளாஸ்டிக் அடிமட்டங்களில் 0 என்ற கோடு நுனியிலேயே இருக்காது, சில மில்லிமீற்றர் உள்ளே தள்ளி இருக்கும், நுனியை அச்சில் வைத்தால் ஆறு சலாகையும் ஒரே அளவு பிழைக்கும். அச்சில் 5, 10, 15 என்று குறிக்கும்போது அடிமட்டத்தை ஒருமுறை வைத்தால் அசைக்காமல் எல்லாக் குறியையும் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குறியிலிருந்து அடுத்ததை அளந்து, அதிலிருந்து அடுத்ததை அளந்து போனால் ஒவ்வொரு முறையும் வரும் அரை மில்லிமீற்றர்ப் பிழை கூடிக்கொண்டே போய் உச்சியில் நன்றாகத் தெரியும். கட்டட வரைபடத்தில் தூண்களின் இடைவெளி குறிக்கும்போதும் நாங்கள் இதே பழக்கத்தைத்தான் கடைப்பிடிப்போம்.

ஆனால் உண்மையில் வேலையை இலகுவாக்கியது ஒரு கடதாசிக் கீலம். ஒரு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, அதன் ஒரு ஓரத்தில் அடியிலிருந்து 1 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, 0 தொடக்கம் 35 வரை பஸ் எண்ணிக்கையையே எழுதிக்கொண்டோம். சென்ரிமீற்றர் என்று எழுதவில்லை, பஸ் என்றே எழுதினோம். இப்போது அந்தக் கீலம்தான் அளவிடை. 155க்கு 17 என்றால் கீலத்தின் 0ஐ கிடை அச்சில் வைத்து, 17இல் ஒரு புள்ளி, சலாகையின் இரண்டு ஓரத்திலும் இப்படி ஒவ்வொரு புள்ளி, இரண்டையும் இணைத்தால் மேல் விளிம்பு. பெருக்கலும் இல்லை வகுத்தலும் இல்லை. வரைபுத்தாளுக்கும் இதே மாதிரி ஒரு சின்னக் கீலம் செய்து பாருங்கள், 2 செ.மீ.க்கு ஒருமுறை 4, 8, 12 என்று எழுதி. அளவிடை என்றால் என்ன என்பது நான் அரை மணித்தியாலம் பேசியதைவிட அந்தக் கீலத்தை அங்கும் இங்கும் நகர்த்தியபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நிமிர்ந்த கோடுகளுக்கு மூலைமட்டம். நிறம் தீட்ட வர்ணப் பென்சில் போதும். வர்ணத்தாள் வெட்டித் தண்ணீர்ப் பசையால் ஒட்டினால் கடற்கரைப் பக்கக் காற்றில் மட்டை வளைந்துவிடும், குச்சிப் பசை என்றால் பரவாயில்லை.

இப்போது அந்த மொத்தம். 1 செ.மீ. = 1 பஸ், மொத்தம் 111 பஸ், ஆகவே ஆறு சலாகைகளின் உயரத்தையும் கூட்டினால் 111 செ.மீ. வர வேண்டும். வரைபுத்தாளில் 1 செ.மீ. = 2 பஸ், ஆகவே 55.5 செ.மீ.: 17, 14.5, 8.5, 6, 4, 5.5, கூட்டிப் பாருங்கள், வருகிறது. சலாகைகளை மறுபடி ஒவ்வொன்றாக அளந்து கூட்டி, அளவிடையால் மொத்தத்துக்குத் திரும்பிப் போவது நல்ல சோதனை, ஏதாவது ஒரு சலாகை ஒரு சதுரம் கூடவோ குறையவோ இருந்தால் இங்கே பிடிபடும்.

செயற்றிட்டம் இத்தோடு முடிந்திருக்கலாம், ஆனால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் எண்ணிப் பார்க்க ஆசை வந்தது. அதே நேரம், அதே பல்கனி. 100 – 19, 101 – 15, 155 – 7, 154 – 5, 400 – 6, மற்றவை – 4, மொத்தம் 56. இதற்கு இன்னொரு மட்டை எடுத்து, "19தானே மாமா கூட, 2 செ.மீ.க்கு ஒரு பஸ் வைப்பம், போட் நிறையும்" என்றாள். நான் சொல்லிக்கொடுத்த விதிப்படி பார்த்தால் அவள் சொன்னது முற்றிலும் சரி, 39 செ.மீ. உயரத்தில் 38ஐ நிறைக்கிறது, எண்ணும் நல்ல எண். ஆனால் இரண்டு மட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் என்ன தெரியும்? வேலை நாளில் 100ஆம் இலக்கம் 34 செ.மீ., ஞாயிற்றுக்கிழமை 38 செ.மீ. வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதான் 100 கூட ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு போகும், அளவிடையைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாலும் அப்படித்தான் நினைக்கும், ஏனென்றால் கண் முதலில் உயரத்தைத்தான் பார்க்கிறது, எழுத்தை வாசிப்பது பிறகு. தனியே நிற்கும் வரைபுக்கு அளவிடையைத் தாள் தீர்மானிக்கலாம், ஒப்பிட வைக்கும் வரைபுகளுக்கு எல்லா அட்டவணைகளிலும் உள்ள ஆகப் பெரிய மீடிறன்தான் தீர்மானிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டையில் பாதி வெறுமையாகக் கிடக்கட்டும், அந்த வெறுமையே ஒரு செய்தி.

கடைசியில் இரண்டாவது மட்டையை விட்டுவிட்டு ஒரே மட்டையில் இரட்டைச் சலாகையாக மாற்றினோம். 6 செ.மீ. அகலத்தை மும்மூன்றாகப் பிரித்து, இடப்பக்கம் வேலை நாள், வலப்பக்கம் ஞாயிறு. நிறம் இரண்டு, அளவிடை ஒன்று. 155 ஞாயிற்றுக்கிழமை பாதிக்கும் கீழே போய்விட்டதும், 400 மட்டும் 8இலிருந்து 6க்குத்தான் இறங்கியிருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் வந்தவுடன்தான் தெரிந்தது. எண்ணியது ஒவ்வொரு நாள்தான், அதனால் எல்லா ஞாயிறும் இப்படித்தான் என்று எழுதாதே என்று மட்டும் சொன்னேன்.

நிலைக்குத்து அச்சு 0இல் தொடங்க வேண்டும் என்பதையும் அதே மட்டையை வைத்தே காட்டினேன். அச்சை 25இல் தொடங்கினால் 100ஆம் இலக்கத்துக்கு 9 அலகு உயரம், 101க்கு 4 அலகு. பார்க்கிறவருக்கு 100ஆம் இலக்கம் 101ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்று தெரியும், உண்மையில் 34க்கும் 29க்கும் வேறுபாடு ஐந்து பஸ். மற்ற நான்கு சலாகையும் இல்லாமலே போய்விடும். சலாகையில் கண் வாசிப்பது முழு நீளத்தை, அடியை வெட்டினால் அளவிடை சொல்வதும் கண் சொல்வதும் வேறு வேறாகிவிடும். பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் இப்படி அடி வெட்டிய சலாகைகள் வருகின்றன, பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கப் பழகினால் நல்லது.

பெரிய எண்கள் வந்தால் என்ன செய்வது என்று அவளுடைய தோழி கேட்டதற்காக 2012 குடிசன மதிப்பீட்டில் மேல் மாகாணத்தின் மூன்று மாவட்டங்களை எடுத்தோம்: கொழும்பு 2,324,349, கம்பஹா 2,304,833, களுத்துறை 1,221,948. பயப்பட ஒன்றும் இல்லை, வழி அதேதான். 20 செ.மீ.க்கு 23 இலட்சத்துச் சொச்சம், வகுத்தால் ஏறத்தாழ 1.16 இலட்சம், அடுத்த நல்ல எண் 2 இலட்சம். 1 செ.மீ. = 200,000 பேர், 1 மி.மீ. = 20,000 பேர். கொழும்பு 11.6 செ.மீ., கம்பஹா 11.5, களுத்துறை 6.1. கொழும்புக்கும் கம்பஹாவுக்கும் இடையில் 19,516 பேர் வித்தியாசம், அதாவது ஒரு சின்ன ஊரே, ஆனால் தாளில் அது ஒரு மில்லிமீற்றர்கூடச் சரியாக வராது. அந்த 19,516ஐ ஒரு சென்ரிமீற்றராகக் காட்ட வெளிக்கிட்டால் 1 செ.மீ. = 20,000 என்று வைக்க வேண்டும், கொழும்புச் சலாகை ஒரு மீற்றரைத் தாண்டி 116 செ.மீ.க்குப் போகும். எந்த அளவிடையும் ஏதோ ஒரு அளவுக்குக் கீழே உள்ளதை விழுங்கத்தான் செய்யும். ஆகையால் விழுங்குவது முக்கியமானது என்றால் சலாகையின் தலையில் எண்ணை எழுதிவிட வேண்டும், அடி வெட்டக்கூடாது.

அளக்கும் தரவுகளுக்கும் இதுவே. கொழும்பின் மாத மழைவீழ்ச்சி, 1961 – 1990 சராசரி: சனவரி 58.2 மி.மீ., மே 392.4, நவம்பர் 414.4. 1 செ.மீ.க்கு 20 மி.மீ. மழை என்றால் நவம்பர் 20.7 செ.மீ., கொஞ்சம் மீறுகிறது. அடுத்த எண் 50க்கு ஏறினால் 8.3 செ.மீ., ரொம்பக் குட்டை. இப்படி இரண்டுக்கும் நடுவே மாட்டும்போது அளவிடையோடு மல்லுக்கட்டாமல் தாளில் இடம் தேடுங்கள், தலைப்பை ஒரு வரியாகச் சுருக்கினாலே அந்த ஒரு சென்ரிமீற்றர் கிடைத்துவிடும்.

சலாகை வரைபின் தொடக்கம் பற்றி ஒரு விடயம் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடிக்கும். வில்லியம் பிளேஃபெயர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1786இல் வெளியிட்ட நூலில்தான் ஸ்கொட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியை 17 இடங்களுக்குச் சலாகைகளாக வரைந்து காட்டினார், ஒரே ஒரு வருடத்துத் தரவுதான் கையில் இருந்ததால் மற்ற நாடுகளுக்குச் செய்ததுபோலக் காலப்போக்கில் கோடாக வரைய முடியவில்லை. அவர் அதற்கு முன்பு ஜேம்ஸ் வாட்டிடம் படவரைஞராக வேலை செய்தவர். அந்த வரைபின் அடியில் நிமிர்ந்த பிரிவு ஒவ்வொன்றும் பத்தாயிரம் பவுண் என்று எழுதியிருக்கிறார், எந்தச் சலாகை ஏற்றுமதி, எது இறக்குமதி என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறார். தொழில் தெரிந்த கை என்பது அதிலேயே தெரிகிறது, அளவிடை எழுதாத வரைபடத்தை எங்கள் அலுவலகத்திலும் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்.

நாங்களும் மட்டையின் வலப்பக்க மூலையில் எழுதினோம்: அளவிடை 1 செ.மீ. = 1 பஸ். அதன் கீழே எங்கே, எந்தப் பக்கம் போகும் பஸ், எந்த நேரம் என்று ஒரு வரி. நிலைக்குத்து அச்சில் 'பஸ்களின் எண்ணிக்கை', கிடை அச்சில் 'வழி இலக்கம்', 5, 10, 15 கோடுகளை மெல்லிய பென்சிலால் குறுக்கே இழுத்துவிட்டோம், மையால் இழுத்தால் சலாகையோடு போட்டி போடும். எழுத்துகளுக்கு மட்டும் பிளாட்டிக்னம் பேனை. சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் போவதென்றால் வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள், விரித்துச் சுவரில் ஒட்டும்போது ஓரங்கள் சுவர்ப்பக்கம் வளைந்து படியும், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நாலு பின் போதும்.